அந்த 4-ஐ நான் திருத்த வேண்டும்

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் அலுவலகத்துக்கு ஓர் ஆராய்ச்சி மாணவி வந்தார். கட்டுமான நிறுவனங்களும் வடிவமைப்பு அலுவலகங்களும் டிஜிட்டல் தொழில்நுட்பத்துக்கு மாற எவ்வளவு தயாராக இருக்கின்றன என்பது அவருடைய ஆய்வு. கையில் ஏழு பக்க வினாத்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 5 வரை ஓர் எண்ணைச் சுழிக்க வேண்டும். கணினிகள் எத்தனை, மென்பொருள் எது, பயிற்சி பெற்றவர்கள் எத்தனை பேர், புதியதை முயன்று பார்க்கும் விருப்பம் உண்டா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போய், கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி நின்றது. மொத்தத்தில் உங்கள் நிறுவனத்தின் தயார்நிலையை எப்படி மதிப்பிடுவீர்கள்? நான் யோசிக்கவே இல்லை. 4 என்ற எண்ணைச் சுழித்தேன். 5 போட்டால் தற்பெருமை போலத் தெரியும். 3 போட்டால், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த என் இளைய பொறியாளர்கள் முகம் வாடும். அவர் மோர் குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அந்த 4 இன்றுவரை என்னை விடவில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்த வினாத்தாளைக் கொடுத்து ஆறு வாரம் கழிவதற்குள் எங்கள் பணியிடம் ஒன்றில் நடந்த தவறு அது.

அன்று என் மனத்தில் எதெல்லாம் சேர்ந்து 4 ஆனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு கணினிகள். முறையாகப் பணம் கட்டி வாங்கிய இரண்டு மென்பொருள் உரிமங்கள். பெரிய தாளில் அச்சிடும் இயந்திரம். நிலத்தை அளக்க டோட்டல் ஸ்டேஷன். சென்னைக்குப் போய்ப் பயிற்சி பெற்றுத் திரும்பிய இரண்டு பேர். எல்லாவற்றுக்கும் மேலாக, பிம் என்று தொழிலில் சொல்லப்படும் கட்டடத் தகவல் மாதிரி முறைக்கு நாங்கள் மாறி ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அதில் சுவரை இரண்டு கோடுகளாக வரைவதில்லை. சுவரைச் சுவராகவே வைக்கிறோம். அதற்குத் தன் தடிமன் தெரியும், தன்னில் எத்தனை செங்கல் போகும் என்று தெரியும், தன்னை ஒரு குழாய் குறுக்கே வெட்டினால் அதுவும் தெரியும். இவ்வளவும் கையில் இருக்கும்போது 4 போடுவதில் என்ன தவறு என்றுதான் அன்று நினைத்தேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது 1996-இல். வண்ணார்பேட்டையில் ஒரு பொறியாளரிடம் உதவியாளனாகச் சேர்ந்தேன். சாய்ந்த வரைபலகை, டிரேசிங் தாள், மைப்பேனா. தவறு நேர்ந்தால் பிளேடால் மெல்லச் சுரண்ட வேண்டும். ஒரே இடத்தை மூன்று முறை சுரண்டினால் தாள் கிழியும். அதனால் நான்காவது முறை வாடிக்கையாளர் மாற்றம் கேட்டால் முதலாளியே அவரை உட்கார வைத்து, "அண்ணாச்சி, இதுதான் கடைசி, நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்" என்பார். அமோனியா நெடியடிக்கும் அச்சுப்பிரதிகள் சரியாக ஐந்து எடுப்போம். யாரிடம் எந்தப் பிரதி போயிற்று என்று ஒரு பேரேட்டில் எழுதுவோம். அமெரிக்காவில் 1982 டிசம்பரில் வெளியான, கணினியில் படம் வரையும் ஆட்டோகேட் மென்பொருள் எங்கள் மேசைக்கு வந்து சேர்ந்தபோது இருபதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் இருந்தது. கை வேகம் பத்து மடங்கானது. தாள் கிழியும் பயம் போயிற்று. பேரேடும் போயிற்று. பேரேடு போனதை அன்று யாரும் ஓர் இழப்பாகவே எண்ணவில்லை. நானும் எண்ணவில்லை.

ஒரே பெயரில் இரண்டு படங்கள்

சேரன்மகாதேவி சாலையில் ஒரு மருத்துவத் தம்பதியருக்குச் சிறிய மருத்துவமனை கட்டினோம். தரைத்தளம், அதற்கு மேல் இரண்டு மாடி. முதல் மாடியில் பெண்கள் வார்டு. வார்டுக்குள்ளேயே ஒரு கழிப்பறை. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்: கழிப்பறை வரும் இடத்தில் தளத்தை ஏறக்குறைய ஓர் அடி தாழ்த்திக் காங்கிரீட் போடுவோம். சங்கன் என்பது அதன் பெயர். குழாய்கள் அந்தப் பள்ளத்துக்குள் ஓடும், மேலே நிரப்பி ஓடு பதித்தால் தரை மட்டமாகிவிடும். தளம் போட்ட பிறகு சங்கனை இடம் மாற்றுவது என்பது பெரிய வேலை.

சங்கன் கிழக்கு மூலையில் என்று முடிவு செய்து, செவ்வாய்க்கிழமை படம் அனுப்பியிருந்தோம். வெள்ளிக்கிழமை மாலை மருத்துவர் அம்மா தொலைபேசியில் அழைத்தார். கழிப்பறையை மேற்குச் சுவர்ப் பக்கம் மாற்றினால் இன்னொரு கட்டில் போடலாமே என்றார். நியாயமான யோசனை. மாதிரியில் மாற்ற இருபது நிமிடம்கூட ஆகவில்லை. கழிவுக் குழாய் ஒரு பீமைக் குறுக்கே வெட்டுகிறது என்று மென்பொருளே சிவப்பாகக் காட்டிக் கொடுத்தது. குழாயை அரை அடி தள்ளிப் பாதையைத் திருத்தினோம். பழைய முறையில் அது தளம் போட்ட பிறகுதான் தெரிந்திருக்கும். எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. சனிக்கிழமை காலை புதிய படம் பணியிடத்து வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது.

கோப்பின் பெயர் செவ்வாய்க்கிழமை அனுப்பியதற்கும் அதேதான்: முதல் மாடி, ஃபைனல்.

ஞாயிறு மாலை என் இளைய பொறியாளர் கம்பிகளைச் சரிபார்க்கப் போனார். பொறுப்பானவர், மழையானாலும் தவறாமல் போகிறவர். கைபேசியில் கோப்பைத் தேடினார். அந்தப் பெயரில் முன்பே இறங்கியிருந்த செவ்வாய்க்கிழமைப் படம் திறந்தது. கம்பியின் விட்டம், இடைவெளி, கவர் கட்டை, காங்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகைகளின் மட்டம் எல்லாம் படத்தோடு அச்சு அசலாகப் பொருந்தின. சங்கன் கிழக்கு மூலையில் இருந்தது, படத்திலும் கிழக்கு மூலையிலேயே இருந்தது. திங்கள் காலை கலவை வண்டிகள் வந்தன. மதியத்துக்குள் தளம் போட்டு முடித்துச் சாப்பாடும் போட்டாயிற்று. எல்லாரும் சரியாகவே வேலை செய்தார்கள். தவறு அதன் பிறகும் ஏறக்குறைய மூன்று வாரம் யார் கண்ணிலும் படாமல் இருந்தது.

சென்ட்ரிங் பிரித்த பிறகு குழாய் வேலைக்கு வந்தவர்தான் அதைக் கண்டார். அவருக்கு அலுவலகத்திலிருந்து நேரடியாகப் புதிய அச்சுப்பிரதி போயிருந்தது. கையில் சாக்குக்கட்டியோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றவர் எனக்குப் பேசினார். "சார், உங்கள் தாளில் பள்ளம் மேற்கே இருக்கிறது. இங்கே கிழக்கே இருக்கிறது. நான் எதை நம்புவது?" நான் மாதிரியைத் திறந்தேன். மேற்கே இருந்தது. ஒரு நொடி, கட்டடம்தான் தவறு என்று தோன்றியது. அந்த நொடியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

தளத்தை உடைத்துத் திரும்பப் போடுவது பீமையும் சேர்த்துத் தொடும் வேலை. அது வேண்டாம் என்று முடிவு செய்தோம். மேற்கே கழிப்பறைத் தரையை ஒரு படி உயர்த்திக் கொடுக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். மருத்துவர் அம்மா குரலை உயர்த்தவில்லை. "பிரசவமான பெண் நடுராத்திரியில் தையலோடு எழுந்து படி ஏறிப் போக வேண்டுமா, தம்பி?" என்று மட்டும் கேட்டார். கழிப்பறை கிழக்கு மூலையிலேயே நின்றது. கட்டில் போயிற்று. எங்கள் கட்டணத்தில் ஒரு பகுதியை நாங்கள் வாங்கவில்லை. ஆனால் அந்த வார்டில் இருந்திருக்க வேண்டிய கட்டில் இல்லாமலேதான் இருக்கிறது.

மேஸ்திரியின் நோட்டு

அன்று மாலை மேஸ்திரியிடம் போனபோது கோபத்தோடுதான் போனேன். எனக்குப் பத்து வயது மூத்தவர், முக்கூடல் பக்கத்துக்காரர், எங்களோடு பதினைந்து ஆண்டுகளாக வேலை செய்கிறவர். "அண்ணாச்சி, சனிக்கிழமை அனுப்பிய படத்தைப் பார்க்கவில்லையா?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. சிமெண்ட் மூட்டைகளுக்கு மேல் மாட்டியிருந்த பையிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து, எச்சில் தொட்டுப் பக்கங்களைப் புரட்டி, என் முன் நீட்டினார். செவ்வாய்க்கிழமைத் தேதி. "முதல் மாடி சங்கன் கிழக்கு மூலை. சின்ன சார் போனில் படம் காட்டினார்." அதற்குக் கீழே என் இளைய பொறியாளரின் சுருக்கக் கையெழுத்து. அடுத்த பக்கத்தில் சனிக்கிழமை. "ஆபீசிலிருந்து படம் வந்தது என்றார். மாற்றம் உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார்."

நான் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கேட்டிருக்கிறார். கேட்க வேண்டிய கேள்வியை, கேட்க வேண்டிய நாளில், கேட்க வேண்டிய ஆளிடம் கேட்டிருக்கிறார். இளைய பொறியாளரும் பொய் சொல்லவில்லை. அதே பெயரில் கோப்பு வந்ததால், பழையதையே யாரோ மறுபடி அனுப்பியிருக்கிறார்கள் என்று நம்பிவிட்டார். மாற்றத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவன் நான். எது மாறியது என்று ஒரு வரி எழுதவில்லை. படம் போயிற்று, அதுவே போதும் என்று இருந்துவிட்டேன்.

நோட்டு எப்போதிலிருந்து என்று கேட்டேன். இளம் வயதில் பேட்டையில் ஒரு வீட்டு வேலையில், சொன்ன இடத்தில்தான் சுவர் எழுப்பினாராம். அப்படிச் சொல்லவே இல்லை என்று வீட்டுக்காரரும் பொறியாளரும் சாதித்துவிட்டார்கள். சுவரை இடித்துத் திரும்பக் கட்டிய பதினொரு நாள் கூலி அவருக்குக் கிடைக்கவில்லை. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு அம்பாசமுத்திரம் பக்கம் பொதுப்பணித் துறை ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் கால்வாய் வேலை பார்த்திருந்தார். அங்கே அளவெடுக்க வரும் அதிகாரியின் கையில் எம்-புக் இருக்கும். அளவுப் புத்தகம். பக்கங்களுக்கு அச்சிட்ட எண் உண்டு, ஒரு தாளையும் கிழிக்கக் கூடாது, எழுதியதை அழிக்கக் கூடாது, தவறானால் ஒற்றைக் கோடு அடித்துப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும். அந்தப் புத்தகத்தில் இருந்தால்தான் ஒப்பந்தக்காரருக்குப் பணம். கூலி போன பிறகு அந்தப் புத்தகம்தான் நினைவுக்கு வந்தது என்றார். அன்று தொடங்கியது இந்தப் பழக்கம்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் எனக்கு ஐ.எஸ்.ஓ. 19650 நினைவுக்கு வந்தது. கட்டடத் தகவலை எப்படி நிர்வகிப்பது என்று 2018-இல் வெளிவரத் தொடங்கிய உலகத் தரம். பயிற்சிக்குப் போனபோது எங்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு வேலையில் ஈடுபட்ட எல்லாருக்கும் தகவல் ஒரே பொது இடத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு படமும் நான்கு நிலைகளில் ஒன்றில் நிற்க வேண்டும்: வரைந்துகொண்டிருப்பது, மற்றவர் பார்வைக்குப் பகிர்ந்தது, கட்டுவதற்கு ஒப்புதல் பெற்று வெளியிட்டது, காலாவதியாகிக் காப்பில் வைத்தது. எந்த நிலையில் இருக்கிறது என்பது தெரியாத படம் பணியிடத்துக்குப் போகவே கூடாது. இதைக் குறிப்பெடுத்துக்கொண்டு வந்து, அலமாரியில் வைத்துவிட்டு, சுவரும் சாளரமும் வைக்கக் கற்றுக்கொண்டோம். கண்ணுக்குத் தெரிவதை வாங்கினோம். அதன் எலும்பான ஒழுங்கை விட்டுவிட்டோம். 1996-இல் என் முதலாளியின் பேரேட்டில் இருந்தது அந்த ஒழுங்கு. எம்-புக்கில் இருக்கிறது. முக்கூடல்காரரின் நோட்டில் இருக்கிறது. ஆறு கணினி வைத்திருந்த என் அலுவலகத்தில் இல்லை.

மேஸ்திரியின் நோட்டை நான் கோயில் கட்டிக் கும்பிடச் சொல்லவில்லை. அவரிடம் சொல்லப்பட்டது மட்டுமே அதில் இருக்கும். மின்பணியாளரிடம் சொன்னது அதில் இல்லை. அவருக்கு ஒரு காய்ச்சல் வந்து இரண்டு நாள் வராமல் போனால் அந்த இரண்டு நாளும் வெற்றுப் பக்கம். இப்போது குரல் பதிவாக வரும் உத்தரவுகளை எழுதுவது கடினமாக இருக்கிறது என்றும் சொன்னார். மூன்று நிமிடப் பேச்சில் வேலைக்கான சொல் எது, விசாரிப்பு எது என்று பிரிக்க முடியவில்லையாம்.

வெள்ளத்தில் போன சுருள்கள்

இதற்கு முன்பே எனக்கு ஓர் எச்சரிக்கை கிடைத்திருந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி வண்ணார்பேட்டைக்குள் புகுந்தபோது, அங்கே தரைத்தளத்தில் நாங்கள் வாடகைக்கு வைத்திருந்த சிறு கிடங்கும் மூழ்கியது. இருபது ஆண்டு வரைபடச் சுருள்கள். தண்ணீர் வடிந்த பின் கதவைத் திறந்தால் கூழ். அடுத்த மாதம் முழுக்க ஆட்கள் வந்தார்கள். செப்டிக் டேங்க் எங்கே புதைந்திருக்கிறது, இந்தச் சுவரை எடுக்கலாமா, அதற்குள் தூண் உண்டா, கடைக்கால் எவ்வளவு ஆழம் என்று, தங்கள் சொந்த வீட்டைப் பற்றி என்னிடம் கேட்டார்கள். கணினியில் இருந்த கோப்புகளை எடுத்துக் கொடுத்தேன். பாதி வீடுகள் அந்தப் படத்தைப் போல இல்லை. கட்டும்போது மாறியது எதுவும் படத்துக்குத் திரும்பி வந்து ஏறவே இல்லை. ஒரு வீட்டில் படம் காட்டிய இடத்தில் தோண்டினோம். டேங்க் எட்டடி தள்ளி இருந்தது. தெரு முழுக்கச் சேறு, வயதான இரண்டு பேர் மட்டும் இருந்த வீடு. அன்றே இந்தத் தவறை நான் பிடித்திருக்க வேண்டும். சுருள்களை இழந்த துக்கத்தில், பிழைத்திருந்த கோப்புகளே பொய் சொல்கின்றன என்பதை மனம் வாங்கிக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் கணினிமயமாக்க வேண்டும் என்று மட்டும் முடிவெடுத்தேன்.

பத்தடி என்பது எத்தனை

வினாத்தாளில் இல்லாத இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் மென்பொருள் மில்லிமீட்டரில் பேசும். பணியிடம் அடியிலும் அங்குலத்திலும் பேசும். வாடிக்கையாளர் மனையடியில் பேசுவார். அறையின் உள்ளளவு பத்தடி வந்தால் நல்லது, பதினொன்று நல்லது, பன்னிரண்டு வேண்டாம் என்று வீட்டுப் பெரியவர் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவருவார். நம்புகிறேனா இல்லையா என்பது இங்கே பேச்சில்லை. அவர் வீடு, அவர் நிம்மதி. புதிதாகச் சேர்ந்த பையன் ஓர் அறையை 3000 என்று போட்டுவிட்டான். பார்க்க அழகான முழு எண். அது ஒன்பதடி பத்து அங்குலம். பத்தடிக்கு 3048 வேண்டும். அதுவும் பூச்சு முடிந்த பிறகு, சுவரின் முகத்திலிருந்து முகத்துக்கு. கொத்தனார்கள் பூச்சுக்கு என்று கேட்காமலே விட்டுக் கட்டுவார்கள். மாதிரியில் நாங்கள் பூச்சையும் சுவரோடு சேர்த்தே வரைந்திருந்தோம். இருவரும் அவரவர் அறிவால் ஒரே அங்குலத்தை இரண்டு முறை சேர்த்தால் என்ன ஆகும் என்பதை, கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள் வீட்டு ஆச்சி அளவுநாடாவோடு வந்தபோதுதான் கற்றுக்கொண்டோம். இப்போது மாதிரியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம்: அளவு எங்கிருந்து எங்கு பிடித்தது, பூச்சு சேர்ந்ததா இல்லையா. இந்த ஒரு வரி எந்த மென்பொருளோடும் வருவதில்லை.

கட்டணத்தைப் பற்றியும் பேச வேண்டும், கசப்பாக இருந்தாலும். இங்கே வடிவமைப்புக்குச் சதுர அடிக்கு இத்தனை ரூபாய் என்று பேசி, பெரும்பகுதியை அனுமதி கிடைத்த பிறகு வாங்குகிறோம். பேட்ரிக் மெக்லீமி என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஒரு வளைகோட்டைப் பிரபலமாக்கினார். வேலை தொடங்கும்போது மாற்றம் மலிவு, நாளாக ஆகச் செலவு ஏறும், எனவே உழைப்பை முன்னுக்குக் கொண்டுவாருங்கள் என்பது அதன் பொருள். மாதிரி முறை அந்த முன்னுழைப்பைத்தான் கேட்கிறது. ஆனால் எங்கள் வாடிக்கையாளர் கடைசியில்தான் பணம் தருகிறார், சுவர் எழும்பிய பிறகுதான் முடிவெடுக்கிறார். அவரையும் குறை சொல்ல முடியாது. மேலப்பாளையத்தில் தந்தை பணியிடத்தைப் பார்ப்பார், பணம் அனுப்பும் மகன் துபாயில் இருப்பார். இருவரும் சேர்ந்து ஒரு தாளைப் பார்த்ததே இருக்காது. அவர்கள் கேட்பது முகப்பின் முப்பரிமாணப் படம் ஒன்று. அதைப் பல அலுவலகங்கள் வெளியே யாரிடமோ கொடுத்துத் தனியாக வரைந்து வாங்குகின்றன. அந்த அழகான படத்துக்கும் கட்டப்போகும் வீட்டுக்கும் தொடர்பு நிறம் மட்டும்தான்.

உரிமங்களின் கதையும் அப்படித்தான். ஆட்டோகேட்டை உருவாக்கிய ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2016-இல் ஒரே விலைக்கு நிரந்தரமாக விற்பதை நிறுத்தி, ஆண்டுச் சந்தா முறைக்குப் போய்விட்டது. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் கட்ட வேண்டும். இரண்டு பேர் மட்டும் இருக்கும் அலுவலகம் அதைத் தாங்காது. அதனால் பல இடங்களில் பணம் கட்டாத நகல் ஓடுகிறது. நான் அவர்களைத் திருடர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தன்னிடம் என்ன ஓடுகிறது என்று வெளியே சொல்ல முடியாத அலுவலகம், தன் கோப்பை இன்னொருவருக்குக் கொடுக்கத் தயங்கும். பி.டி.எஃப். மட்டும் அனுப்பும். மாதிரி முறையின் பலனே கோப்பைக் கைமாற்றுவதில்தான் இருக்கிறது. இன்னொரு வருத்தமும் உண்டு. நெல்லை அரசு பொறியியல் கல்லூரி 1981-இலிருந்து நடக்கிறது. சுற்றிலும் தனியார் கல்லூரிகள். இந்த மண்ணில் படித்த பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூருவிலும் உட்கார்ந்து வெளிநாட்டுக் கட்டடங்களுக்கு மாதிரி செய்கிறார்கள். என்னிடம் பயின்று போன ஒரு பெண், இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையின் குழாய்களை வரைவதாகப் போன பொங்கலுக்கு வந்தபோது சொன்னார். கேட்டதும் மகிழ்ச்சி. பிறகு சேரன்மகாதேவி சாலை நினைவுக்கு வந்தது.

யாருடைய தயார்நிலை

அந்த மாணவியின் கேள்விகளின் சாயல் எனக்குப் பிறகு புரிந்தது. மயாமி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஏ. பரசுராமன் 2000-இல் தொழில்நுட்பத் தயார்நிலைக்கு ஓர் அளவுகோலை வகுத்தார். நம்பிக்கை, புதுமை நாட்டம் இரண்டும் முன்னே தள்ளுபவை. சங்கடம், பாதுகாப்பின்மை இரண்டும் பின்னே இழுப்பவை. ஒரு மனிதரின் மனத்தை அளக்க அது நல்ல கோல். என் மனத்தை அளந்தால் 4 வரும், இன்றும் வரும். ஆனால் கட்டடத்தை நான் கட்டுவதில்லை. மருத்துவர், என் அலுவலகம், கட்டமைப்புக் கணக்குப் போடுபவர், மேஸ்திரி, கம்பி கட்டுபவர், குழாய்க்காரர், மின்பணியாளர் என்று ஏழு கைகள். ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் செய்தி போகும் பாதையில்தான் கட்டடம் சரியாகிறது, அல்லது கெடுகிறது. எங்கள் ஏழு பேரில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே 4 கொடுத்தாலும் அந்தச் சனிக்கிழமைச் செய்தி போய்ச் சேர்ந்திருக்காது. உலகக் கட்டுமானத் துறையின் உழைப்புத் திறன் இருபது ஆண்டுகளாக ஆண்டுக்கு 1 சதவீதம்தான் வளர்ந்திருக்கிறது, தொழிற்சாலை உற்பத்தியோ 3.6 சதவீதம் என்று மெக்கின்சி நிறுவனம் 2017-இல் எழுதியது. தொழிற்சாலையில் எல்லாரும் ஒரே கூரையின் கீழ், ஒரே சம்பளப் பட்டியலில் இருக்கிறார்கள். எங்களுக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புதுக் கூட்டம்.

பாதையை யாராவது கேட்டு வாங்கினால்தான் அது உருவாகும் என்பதையும் பார்க்கிறேன். பிரிட்டன் அரசு 2016 ஏப்ரலிலிருந்து தன் மைய அரசுத் திட்டங்களுக்கு மாதிரி முறையைக் கட்டாயமாக்கியது. சிங்கப்பூரில் 2013-இல் தொடங்கி, 2015-க்குள் 5000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்கள் எல்லாம் மாதிரியாகவே சமர்ப்பிக்கப்பட வேண்டும் என்று ஆக்கினார்கள். இங்கேயும் ஒரு சிறு சான்று உண்டு. 2500 சதுர அடி வரையிலான மனையில் 3500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று முறையில் இணையவழி உடனடி அனுமதி என்று 2024 ஜூலையில் தமிழக அரசு அறிவித்தது. கணினி என்றாலே மகனைக் கூப்பிடும் என் மூத்த நண்பர்கள் அடுத்த சில மாதங்களில் தாங்களே விண்ணப்பம் போடக் கற்றுக்கொண்டார்கள். அவர்களிடம் தயார்நிலையை யாரும் அளக்கவில்லை. வேறு வழி இல்லை என்று ஆனதும் உட்கார்ந்து கற்றார்கள். திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தின் மேல் போகும்போதெல்லாம் இப்போது இதையே நினைக்கிறேன். 1973-இல் திறந்த பாலம். ஆட்டோகேட் பிறப்பதற்கு முன். கீழே ரயில் ஓடும் தண்டவாளம். ஒப்புதல் பெற்ற படம் இல்லாமல் தண்டவாளத்தின் மேல் ஒரு பலகையைக்கூட நீட்ட ரயில்வே விடாது.

நாங்கள் இப்போது செய்வது மிகச் சிறியது. ஃபைனல் என்ற சொல்லை அலுவலகத்தில் தடை செய்துவிட்டேன். ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண், ஒரு திருத்த எழுத்து, தேதி. எது மாறியது என்று இரண்டு வரி, தமிழில், படத்தின் மேல் மூலையிலேயே. மாறிய இடத்தைச் சுற்றி மேகம் போல் ஒரு கோடு. வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவதில்லை. ஒரே இணைப்பு, அதில் கட்ட வேண்டிய படம் மட்டும் இருக்கும், பழையது தானாகக் காப்புக்குப் போய்விடும். பணியிடத்தில் சிமெண்ட் அறைக் கதவில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். கட்டத்தைக் கைபேசியால் காட்டினால் அந்தப் படம் திறக்கும். தளம் போடும் முன் மூன்று பேர் அந்த எண்ணைச் சொல்லி ஒத்துப்பார்க்க வேண்டும். மேஸ்திரி கதவில் காட்டிப் படத்தைப் பார்க்கிறார். பிறகு எண்ணையும் எழுத்தையும் நோட்டில் எழுதிக்கொள்கிறார். நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். நோட்டின் பக்கங்களை மாதம் ஒருமுறை படம் பிடித்து நாங்களும் வைத்துக்கொள்கிறோம். கட்டி முடித்த பிறகு மாதிரியில் எதைத் திருத்த வேண்டும் என்பது அதிலிருந்துதான் கிடைக்கிறது.

மாணவியைப் போன வாரம் அழைத்தேன். கடைசிப் பக்கத்தில் 4-ஐ அடித்துவிட்டு 2 போட முடியுமா என்று கேட்டேன். கணக்கீடு முடிந்துவிட்டது சார் என்றார் தயங்கியபடி. பிறகு, ஏன் என்று கேட்டார். இருபது நிமிடம் பேசினேன். எழுதிக்கொள்ளட்டுமா என்றார். எழுதிக்கொள்ளுங்கள், தேதியும் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

வியாழக்கிழமை களக்காட்டில் ஒரு வீட்டுக்குத் தளம் போடுகிறோம். படம் எண் 14, திருத்தம் இ. மேஸ்திரியும் பொறியாளரும் ஒத்துப்பார்த்துவிட்டார்கள். மின்பணியாளர் இன்னும் கதவுப் பக்கமே போகவில்லை. மின்கம்பிக் குழாய் போகும் பாதை தனக்குப் பழக்கம்தான் என்கிறார். அவருக்குக் கைபேசி எழுத்து சரியாகத் தெரிவதில்லை என்று பொறியாளர் நேற்றுச் சொன்னார். புதன்கிழமை மாலை பெரிய தாளில் அச்சடித்து எடுத்துக்கொண்டு நானே போய் அவரோடு உட்காரப் போகிறேன்.